பச்சை பெல்ட்டில் ஒரு பேட்ஜ்

செருப்பைக் கழற்றும்போதே நஞ்சுண்டன் மேலே பார்த்துவிடுவார். வீட்டுக்காரர் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். இவர் கண் கூரையில் இருக்கும். புகை அலாரம் எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது, அதில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மனிதர்கள் கண்ணில் படுவார்கள். காரின் டிக்கியில் நீட்டி மடக்கும் கம்பி ஒன்று வைத்திருக்கிறார். பதினெட்டு அடி வரை நீளும். அதைக் கொண்டுவந்து நுனியால் அலாரத்தின் பொத்தானை அமுக்குவார். உள்ளே தூங்குகிற குழந்தை அலறிக்கொண்டு எழும். பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இவர் முகம் மட்டும் மலர்ந்துபோகும். "கேக்குதுங்களா? உசுரு இருக்குதுங்க. பேட்டரி எப்பங்க மாத்துனீங்க?" என்பார். 

நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயிலிருந்து பதினைந்து நிமிடம் காரோட்டினால் எங்கள் டவுன்ஷிப் வந்துவிடும். அதன் துணை ஃபயர் மார்ஷல் இவர். தீயை அணைக்கிறவர் என்று நினைத்து மரியாதை கொடுத்துவிடாதீர்கள். குழாயைத் தூக்கிக்கொண்டு புகைக்குள் ஓடுகிறவர்கள் வேறு. கட்டடங்களில் தீ விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்ப்பதும், எங்காவது எரிந்துவிட்டால் ஏன் எரிந்தது என்று மறுநாள் போய்ச் சாம்பலைக் கிளறுவதும் இவர் வேலை. வயது ஐம்பத்தாறு. சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம். குள்ளமான உருவம், இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை, பையில் மூன்று பேனா. மூன்றும் கறுப்பு மை.

இதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தார். புட்டியின் மூடி சரியாக ஒட்டியிருக்கிறதா, உறையின் வாய் முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ஜிப்லாக் பையில் நாலு முறுக்கு போட்டுக் கொடுத்தாலும், இரண்டு விரலால் அதன் வாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அழுத்துவார். பிறகு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரு தடவை. அதற்கப்புறம்தான் "நெம்ப தேங்க்ஸுங்க" வரும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது. கையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்து, பேட்ஜ் குத்திய ஒரு காவலாளி கார் வரைக்கும் கூடவே நடந்து வந்தானாம். "இருபத்தி நாலு வயசுப் பையனுங்க. என்ற மேல திருடன் மாதிரி கண்ண வெச்சுட்டே வந்தான்" என்று ஒருமுறை அவரே சொன்னார். இதைச் சொன்னால் உங்களுக்கு அவர் மேல் இரக்கம் வரலாம். எனக்கும் அன்று வந்தது. இப்போது இல்லை. அந்தப் பையனிடமிருந்து இவர் கற்றுக்கொண்டது அவமானம் எப்படி வலிக்கும் என்பதை அல்ல, பேட்ஜ் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்பதை.

பிறகு ஏதோ தொண்ணூறு மணி நேர வகுப்புக்குப் போனார், பரீட்சை எழுதினார், டவுன்ஷிப்பில் பகுதி நேர இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து துணை மார்ஷல் ஆனார். அந்தக் காலத்தில் அவர் எங்களுக்கு ஒரு வேடிக்கை மனிதர், அவ்வளவுதான். புதுமனைப் புகுவிழாவுக்கு மற்றவர்கள் பீங்கான் தட்டும் வெள்ளிக் கிண்ணமும் கொண்டுவந்தால், இவர் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்றுக்குக் குங்குமப் பொட்டு வைத்து, ரிப்பன் கட்டித் தூக்கிக்கொண்டு வருவார். குறை கண்டால் மஞ்சள் தாளில் நோட்டீஸ் எழுதிக் கொடுப்பார். முப்பது நாளில் சரிசெய்தால் போதும், தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. "நோட்டீஸ் குடுத்தா ஃப்ரிஜ்ஜுல காந்தம் வெச்சு ஒட்டீர்றாங்க அம்மிணி. ஒரு பயமே இல்லீங்க."

அந்தப் பயத்தை உண்டாக்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. போன வருஷம் டவுன்ஷிப் கவுன்சிலில் ஒரு தீர்மானம் வந்தது. ஃபயர் மார்ஷல்களுக்குப் போலீஸ்காரர்களுக்கு உள்ள அதிகாரம்: சம்மன் எழுதலாம், ஆளை நிறுத்தி விசாரிக்கலாம், வேண்டுமானால் கைதுகூடச் செய்யலாம். தீ வைத்தவன் கண்ணெதிரே நடந்து போகிறான், நான் போலீசுக்குப் போன் செய்துவிட்டுக் கை கட்டி நிற்கிறேன் என்று நஞ்சுண்டன் மைக்கைப் பிடித்துப் பேசினார். அடேயப்பா, அந்தக் குரலில் என்ன நடுக்கம்! எங்கள் ஊரில் பத்து வருஷத்தில் யாரோ தீ வைத்து எரிந்த பொருள் ஒன்றே ஒன்று. குப்பைத் தொட்டி ஓரம் போட்டிருந்த பழைய மெத்தை.

தமிழ்க்காரர்களின் வாட்ஸப் குழுவில் முன்தினமே தகவல் போட்டிருந்தார்: "நம்ம ஆளுக்குப் போலீஸ் பவர் வருதுங்க, எல்லாரும் வந்து சப்போர்ட் பண்ணோணும்." போனோம். அந்தத் தீபாவளிக்கு ஒரு வீட்டு கராஜில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டு பாதிச் சுவர் கருகியிருந்தது. அந்த வீட்டை இவர் முன்பே எச்சரித்திருந்தார் என்பதும் உண்மை. அதனால் அவர் பேச்சில் எங்களுக்கு ஒரு நம்பிக்கை. நம்ம ஆள் என்ற பெருமை வேறு. ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்று மேயர் சொன்னதும் பத்தொன்பது பேர் எழுந்தோம். நான் இரண்டாவது வரிசை. புடவை வேறு கட்டிக்கொண்டு போயிருந்தேன், வெட்கக்கேடு.

ஆறு வாரப் பயிற்சி முடிந்து பேட்ஜ் வந்தது. பொங்கல் விழாவுக்கு அதை மாட்டிக்கொண்டு வந்தார். வேட்டிக்கு மேல் கட்டுகிற, பர்ஸ் வைத்த அகலமான பச்சை பெல்ட் இருக்கிறதே, அதன் மேல். பள்ளிக்கூட உணவறையில் விழா. நெருப்பு கூடாது என்று இண்டக்‌ஷன் அடுப்பில் பானை ஏற்றியிருந்தோம். பால் நுரைத்து மேலே வருகிறது, குழந்தைகள் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த வாயைத் திறந்துவிட்டார்கள், இவர் ஓடி வந்து சுவிட்சை அணைத்தார். "பொங்க உட்றாதீங்க! வழிஞ்சா ஷார்ட் சர்க்யூட் ஆயிருமுங்க." ஒரு கை சுவிட்சில், ஒரு கை பேட்ஜில். பால் மெதுவாகக் கீழே இறங்கியது. பொங்காத பொங்கலைக் கொண்டாடிய தமிழர்கள் உலகத்திலேயே நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

அவர் மனைவி புஷ்பவல்லி நல்ல கைமணம் உள்ளவர். "அவருக்கு பேட்ஜ் வந்ததுலருந்து எங்கூட்ல தாளிக்கறதே பயந்து பயந்துதானுங்க. அப்பளம்கூட மைக்ரோவேவ்லதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். மகள் கயல் கல்லூரி விடுதியிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறாள். மெழுகுவத்தி ஏற்ற விடமாட்டார் என்பதால் பிறந்த நாளைத் தோழிகளோடு வெளியே வைத்துக்கொண்டாளாம்.

சரி, எல்லாரிடமும் ஒரே கண்டிப்பு, நேர்மையான மனிதர் என்று நீங்கள் சொல்ல வருகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஊர்க் கல்யாண வரவேற்புகள் நடக்கிற பெரிய பாங்க்வெட் ஹால் ஒன்று உண்டு. முந்நூறு பேர் உட்காரும் இடம். பின்பக்க அவசர வழிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டு தொங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். தட்டோடு நின்ற நஞ்சுண்டனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பார்த்தார். பக்கத்து மேசையில் கவுன்சிலர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஹால் முதலாளியையும் பார்த்தார். "இது கேட்டகிரி வேறங்க அம்மிணி. இதுக்கெல்லாம் ப்ராப்பர் சானல்ல போகோணும்" என்று சொல்லிவிட்டுப் பன்னீர் மசாலா இருந்த பக்கம் திரும்பிவிட்டார். சங்கிலி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிச்சுமணி சாஸ்திரிகளுக்கு எந்த சானலும் தேவைப்படவில்லை.

எங்கள் கோயிலில் வேலை பார்க்கிறவர் பிச்சுமணி. மத ஊழியர்களுக்கான விசாவில் குடும்பத்தோடு வந்தவர். அந்த விசா ஐந்து வருஷத்துக்குமேல் கிடையாது. இந்த நவம்பரோடு முடிகிறது. கிரீன் கார்டுக்குப் போட்டிருக்கிறார். ஏழாம் வகுப்பில் இங்கே வந்து சேர்ந்த மகள் விஷாகா அடுத்த வருஷம் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். நவம்பருக்குள் கார்டு வராவிட்டால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வீட்டில் ஹோமம் என்றால் பிச்சுமணி சாமான் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்புவார். மஞ்சள் தூள், நெய், கொப்பரை, சமித்து எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசி வரி: ஷவர் கேப், நாலு. குளிக்கும்போது தலையில் மாட்டுகிறோமே, அந்த ஓட்டல் பிளாஸ்டிக் தொப்பிதான். ஹோமப் புகைக்கு அலாரம் அடித்து, இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்து, பூட்ஸ் காலோடு ஆட்கள் அக்கினி குண்டத்தைச் சுற்றி நின்ற கதை ஒன்று இந்த ஊரில் உண்டு. அதிலிருந்து ஹோமத்துக்கு முன் அலாரத்துக்குத் தொப்பி மாட்டுவது எங்கள் சம்பிரதாயத்தில் சேர்ந்துவிட்டது. பிள்ளையார் பிடிப்பதற்கு முன்னால் நடக்கிற சடங்கு இது. தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மாட்டியதை எடுக்க மறந்துபோகிற வீடுகளும் உண்டு. ஒரு பக்கெட் தண்ணீரோடு ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள், முடிந்ததும் கழற்றிவிடுங்கள் என்று எங்களுக்கு வழி சொல்லியிருக்க வேண்டியவர் நஞ்சுண்டன்தான். அதற்குத்தானே ஐயா உங்களை வைத்திருக்கிறோம்!

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு காலை. ஆதர்ஷ், மானஸா என்று ஓர் இளம் தம்பதி புதிதாக வீடு வாங்கி கணபதி ஹோமம் வைத்திருந்தார்கள். நஞ்சுண்டன் சிலிண்டருக்குப் பொட்டு வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மேலே பார்த்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கூரையில் வெள்ளைத் தொப்பி உப்பிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் அந்தத் தொப்பிக்கு நேர் கீழேயே உட்கார்ந்திருந்தார். பூர்ணாஹுதிக்கு எழுந்து நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். ரட்சை இட்டுக்கொண்டார். இட்லி, வடை சாப்பிட்டார், கேசரி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, சம்மன் புத்தகத்தை எடுத்தார்.

"யாருங்க இதக் கட்டுனது?"

ஆதர்ஷ் மானஸாவைப் பார்த்தான். மானஸா தரையைப் பார்த்தாள். ஓரமாக உட்கார்ந்து தர்ப்பையைச் சுருட்டிக்கொண்டிருந்த பிச்சுமணி, "நான்தான் கட்டினேன்" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அது ஒரு வியாதி.

"தப்பா நெனச்சுக்காதீங்க சாமி. கட்டுனவங்க பேர்லதான் எழுதோணும். ஐடி குடுங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை பாருங்கள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. அரை மணி நேரம் முன்னால் எந்தக் கையில் அட்சதை வாங்கினாரோ, அதே கையால் தாளைக் கிழித்து நீட்டினார். பிச்சுமணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கிரீன் கார்டு நேர்காணலுக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது. பிச்சுமணியின் விசா வக்கீலம்மா தாளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "பழைய மாதிரி நோட்டீஸா இருந்தா பிரச்னையே இல்ல. இப்ப அவர் லா என்ஃபோர்ஸ்மென்ட் ஆபீசர். அப்படிப்பட்டவர் கையால சம்மன் வாங்கியிருக்கீங்களான்னு ஃபார்ம்ல கேள்வி இருக்கு. யெஸ் போட்டே ஆகணும். போட்டா கோர்ட் பேப்பர்ஸ் கொண்டு வான்னு இழுப்பாங்க, நவம்பர் தாண்டிடும். ஒரே வழிதான், கோர்ட் தேதிக்கு முன்னாடி அவரே இத கேன்சல் பண்ணணும்."

அடுத்த சனிக்கிழமை நான்தான் பிச்சுமணியை என் காரில் ஏற்றிக்கொண்டு நஞ்சுண்டன் வீட்டுக்குப் போனேன். அன்று கவுன்சிலில் எழுந்து நின்றவள் ஆயிற்றே, இதையாவது செய்ய வேண்டாமா. பிச்சுமணி வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "விஷாகாட்ட இன்னும் சொல்லலைம்மா. சொல்லணுமா?" நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

பெரிய வீடு. கூடத்துக்கு மேல் மாடியே இல்லாமல் நேராக இரண்டு மாடி உயரத்துக்குக் கூரை. புஷ்பவல்லி காப்பி கொண்டுவந்தார். நஞ்சுண்டன் சனிக்கிழமையிலும் வேட்டி, பச்சை பெல்ட், அதில் பேட்ஜோடு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விசா, நவம்பர், மகள், வக்கீல் சொன்னது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"கஷ்டமாத்தானுங்க இருக்குது. பர்சனல் வேறங்க, டூட்டி வேறங்க. கேன்சல் பண்ணோணும்னா ஒரு ஃபார்ம் இருக்குதுங்க. ரீசன் எழுதோணும்."

"எழுதுங்களேன். ஒரு வரிதானே!"

"என்னனு எழுதறது? நாளைக்கு ஆடிட் வந்தா நான் என்னங்க பதில் சொல்லறது?"

 ஒரு குடும்பத்தின் ஐந்து வருஷத்தை விட இந்த மனிதருக்கு ஃபார்மில் ஒரு காலிக் கட்டம் பெரிதாக இருக்கிறதே என்று சோபாவில் சாய்ந்தேன். தலை பின்னால் போனது. அப்போதுதான் பார்த்தேன். பதினாறு அடி உயரத்தில், நட்டநடுக் கூரையில், புகை அலாரத்தின் மேல் ஒரு ஷவர் கேப். வெள்ளையாக இருந்தது பழுப்பாகிப் போயிருந்தது. ஓரத்தில் ஒட்டடை.

"நஞ்சுண்டன் சார்," என்றேன். "கொஞ்சம் மேலே பாருங்க."

பார்த்தார். ஊரில் இருக்கிற அத்தனை கூரையையும் பார்த்த மனிதர் தன் வீட்டுக் கூரையை அன்றுதான் பார்த்திருக்க வேண்டும். கை பேட்ஜை மூடிக்கொண்டது. சமையலறை வாசலில் புஷ்பவல்லி சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. மாட்டிக்கொண்டாயா என்று உள்ளே குதித்தேன். அந்த ஃபார்மை இப்போதே எழுத வைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் பிச்சுமணி பேசிவிட்டார். மனிதர் எதிரே கூசிப்போய் உட்கார்ந்திருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. "அது நான் ஏணி போட்டுக் கட்டினதுதான். உங்க கிரகப்பிரவேசத்தன்னிக்கு. அவசரத்துல எடுக்க மறந்துட்டேன். உங்க மேல தப்பே இல்லை, மன்னிச்சுடுங்கோ" என்றார்.

நஞ்சுண்டன் எழுந்து கராஜுக்குப் போனார். கம்பியோடு திரும்பி வந்தார். நீட்டினார், நுனியால் நெம்பினார், தொப்பி காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே வந்து விழுந்தது. குனிந்து எடுத்து, தூசியை ஊதினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பிச்சுமணியைப் பார்த்தார். மனம் இளகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பச்சை பெல்ட்டின் பர்ஸிலிருந்து சம்மன் புத்தகத்தை எடுத்தார்.

"தேதி ஞாபகம் இருக்குங்களா சாமி?"

பிச்சுமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, கேட்டதற்கு உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று பழகிய குரலில், "ஆகஸ்ட் இருபத்தெட்டு. மறக்குமா, இந்த ஊருக்கு வந்து ஒரு வீட்டுல நான் பண்ணின முதல் ஹோமம்" என்றார்.

"யோவ், இது உங்க வீடுய்யா!" என்று நான் கத்தியேவிட்டேன். "நாலு வருஷமா உங்க தலைக்கு மேல தொங்கியிருக்கு!"

"என்ற வீடுனு பாக்க முடியுங்களா அம்மிணி? ரூல் எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே. கட்டுனவங்க பேர்லதான் எழுதோணும்." பேனாவை டிக்கென்று அமுக்கி எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "புஷ்பா, ஒரு ஜிப்லாக் கவர் கொண்டா, பெருசு" என்றார்.

புஷ்பவல்லி வாசலை விட்டு நகரவில்லை. தலைப்பு வாயிலேயே இருந்தது, ஆனால் இப்போது சிரிப்பு இல்லை.

நஞ்சுண்டன் இரண்டு நிமிடம் காத்திருந்தார். பிறகு தானே போய் இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்துவந்தார். ஷவர் கேப்பை நாலாக மடித்து அதற்குள் வைத்தார். இரண்டு விரலால் அதன் வாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அழுத்தினார். பிறகு, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரு தடவை.